கிராணியார் அழித்த பைல்

"அழிஞ்சுபோனதைத் திரும்ப எடுத்துடலாம், பயப்படாதீங்க லா," என்றாள் சீதாலெட்சுமி. சிரம்பான் கம்ப்யூட்டர் கடையிலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு வந்திருந்த பெண் அவள்.

மேனேஜர் சொக்கப்பன் தலையாட்டினார். உண்மையில் பயந்து செத்துக்கொண்டிருந்தவர் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி இராஜமாணிக்கம்தான்.

சொக்கப்பன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். "முக்கியமான பைலும்மா. காலையில வந்து பார்த்தா காணோம். முதலாளி காதுக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துக் குடுத்துடு."

தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்கிற பத்திரம்தான் தொலைந்திருக்க வேண்டும் என்று கிராணி முடிவு கட்டினார். அதைத் தேடப்போய், இவர் அழித்ததும் அல்லவா மேலே வந்துவிடும்!

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை இடித்தால் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டித் தர வேண்டும் என்று தோட்டத்து ஜனங்களுக்காக ஒரு மனு. மேனேஜர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி இராஜமாணிக்கம் எழுதியது. யாரும் சந்தேகப்படக் கூடாதென்று அந்த பைலுக்குத் தன் பசுமாட்டின் பெயரை வைத்திருந்தார்.

இவருடைய இங்கிலீஷ் சுமார்தான். ஆனால் மறுநாள் திறந்து பார்த்தால் வாக்கியங்கள் மிடுக்காக நிமிர்ந்து நிற்கும். கம்ப்யூட்டர் தப்பைத் திருத்தும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். இவ்வளவு கெட்டிக்கார மெஷினா என்று மனிதர் பூரித்துப்போனார்.

இன்று காலை அதைத் திறந்த கையோடு மேனேஜரின் கார் சத்தம் கேட்டது. இத்தனை சீக்கிரம் அவர் வந்ததே இல்லை. அவசரத்தில் பைலையே அழித்துவிட்டார்.

அகப்பட்டால் வேலை போகும். வேலையோடு குடியிருக்கும் கிராணி வீடும் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது?

"சார், தலை சுத்துது. வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்," என்று எழுந்தார்.

"உட்காருங்க கிராணியாரே. நீங்க இருந்தே ஆகணும்," என்றார் சொக்கப்பன், கதவை விட்டு நகராமல்.

கம்ப்யூட்டர் பிளக் கிராணியின் காலடியில்தான் இருந்தது. இழுத்துவிடலாமா என்று குனிந்தார். "அங்கிள், கால் படாம பார்த்துக்குங்க. கரண்ட் போனா பைல் சுத்தமா போயிடும்," என்றாள் சீதாலெட்சுமி. மனு அடியோடு போய்விடுமே என்று கால் தானாகப் பின்வாங்கியது.

அவள் கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடி நின்றன.

"இன்னிக்கு அழிச்சது ஒண்ணே ஒண்ணுதான் சார்."

இராஜமாணிக்கம் திரையை எட்டிப் பார்த்தார். பத்திரம் எங்கே போனதோ, இவருடைய பைல் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டது.

"ஆனா அழிச்சா பேர்ல முதல் எழுத்து போயிடும். ஏ, எல், எல், ஐ மட்டும்தான் நிக்குது. முதல் எழுத்தைச் சொன்னா திரும்ப வந்துடும். அங்கிள், உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றார் இராஜமாணிக்கம். பெயர் வைத்தவருக்கு மட்டும்தானே அது தெரியும்! வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம்.

ஆனால் மனு அதோடு செத்தது. இவரை நம்பி வாசலில் வந்து நின்ற ஜனங்களின் முகம் கண்ணுக்குள் வந்தது. தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

சொக்கப்பன் கதவை விட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம் போடும்மா," என்றார். "மூணாம் பக்கத்தை இன்னும் நான் திருத்தி முடிக்கல."