கோடு போட்ட உருளை

நாலு ஆய்வுக்கூடங்களுக்கும் பொதுவான எலிக்கூடம் அது. அங்கே எலிகளின் பார்வையைச் சோதிக்க, உள்பக்கம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பெரிய உருளை ஒன்று இருந்தது. எலியை நடுவில் உள்ள மேடையில் நிறுத்தி உருளையைச் சுற்ற விடுவார்கள். கோடுகள் ஓடும் பக்கம் தலையைத் திருப்புகிற எலி கூண்டுக்கு வந்துவிடும். திருப்பாததை அடுத்த அறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போன எலி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

தும்பை என்ற வெள்ளை எலிக்கு ஒரு வாரமாக எல்லாமே புகைமூட்டமாய்த் தெரிந்தது. பக்கத்துக் கூண்டு சாம்பியிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

"அழாதேக்கா. அந்த உருளை எப்பவும் முதல்ல வலப்பக்கந்தான் சுத்தும். மேடையில கால் பட்டதும் அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு, மெதுவாத் தலையைத் திருப்பு. யாருக்குத் தெரியப்போகுது?"

தும்பை அன்று முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் பழகினாள்.

மறுநாள் மேடையில் கால் பட்டதும் ஐந்து வரை எண்ணினாள். கோடுகளைப் பார்க்கிற மாதிரியே, நிதானமாக, அழகாக வலப்பக்கம் திருப்பினாள். அப்பாடா, பிழைத்தோம் என்று மூச்சு விட்டாள்.

மேலே உதவியாளரின் குரல் கேட்டது.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன். நான் இன்னும் சுவிட்சே போடல."