யாப் வராத ஊர்

“உளவாளி இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கான்” என்று சொல்லிவிட்டு, மார்ட்டன் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். அந்தத் தெருவில் பட்டப்பகலில் யாரும் திரை போடுவதில்லை. எதிர்வீட்டுக்காரி, இங்கே யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

மேஜைமேல் பிரான்ஸ் நாட்டு வரைபடம் விரிந்து கிடந்தது. அதில் இரண்டே இரண்டு சிவப்பு வட்டங்கள். ஒன்று தோர்தோன் ஆற்றங்கரை, மற்றது நார்மண்டி கடற்கரை.

“வீட்ல இருக்கறதே மூணு பேர்” என்றாள் அவன் மனைவி இனேகா. “இதுல உளவாளி யாரு? நானா, உன் பொண்ணா?”

“அப்ப இதுக்குப் பதில் சொல்லு. மூணு வருஷமா லீவுக்கு ஒரு ஊரைச் சொல்லிட்டு இன்னொரு ஊருக்குக் கேரவன் வீட்டைக் காருல மாட்டி இழுத்துக்கிட்டுப் போறேன். மூணு வருஷமும் உன் தங்கச்சி புருஷன் அங்கயே வந்து நிக்கறான். யாரும் சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியுது?”

தங்கச்சி புருஷன் என்பது யாப். கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். யாப் உதவி செய்கிற ஜாதி. மார்ட்டன் கேரவனைப் பின்னால் தள்ளி நிறுத்தப் பார்த்தால், நடுப்பாதையில் நின்று இரண்டு கையையும் வீசி வழிகாட்டுவான். நிறுத்திய பிறகு ரசமட்டம் வைத்து, இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்பான். காலை ஏழு மணிக்குக் காப்பிக் கோப்பையோடு வந்து, முன்கூடாரத்துக் கயிற்றை அவிழ்த்துத் தானே மறுபடி கட்டுவான்.

வருஷத்தில் பதினைந்து நாள் சகலை முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். மார்ட்டன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

“வேற எங்கயாவது போயிடலாமே” என்றாள் இனேகா.

“நம்ம கேரவன் சங்கத்துச் சலுகை இந்த ரெண்டு ஊர் கேரவன் பார்க்குக்குத்தான்.”

யாப்பும் அதே சங்கத்து உறுப்பினன். முழு விலை கொடுத்துத் தங்குவதற்கு இரண்டு பேர் பரம்பரையிலும் இன்னும் ஆள் பிறக்கவில்லை.

மகள் ஃபெம்கே, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். “எனக்கென்னவோ சித்தப்பா வேணும்னே வர்ற மாதிரி தெரியலப்பா. போன வருஷம் நம்மளப் பாத்துட்டு அஞ்சு நிமிஷம் கார விட்டே இறங்கல. நீங்க நார்மண்டின்னுல்ல சொன்னீங்கன்னு கேக்கறப்ப மூஞ்சியே சரியில்ல.”

“நடிப்பு” என்றான் மார்ட்டன். “அவனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“சரி, நடிப்புதான். அப்ப நீ சொல்றது பொய்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு ஊர் இல்லேன்னா இன்னொண்ணுன்னு வந்துடறாரு. இந்தத் தடவை உண்மையைச் சொல்லு. அதையும் பொய்னு நினைச்சு வேற பக்கம் போயிடுவாரு.”

மார்ட்டன் மகளை ஏற இறங்கப் பார்த்தான். மூளை முழுக்கத் தன் பக்கத்து மூளை என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

இனேகாவுக்குக் கடல் பிடிக்கும் என்பதால் நார்மண்டி முடிவாயிற்று. அன்றைக்கே இடத்தையும் பதிவு செய்தார்கள். திரையை மறுபடி திறந்ததும் எதிர்வீட்டுக்காரி நிம்மதியாகக் கையசைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்குப் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கி, மடியில் ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். யாப் எழுந்து வந்து மார்ட்டன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தான்.

“இந்த வருஷம் எந்தப் பக்கம், சகலை?”

பழக்கதோஷத்தில் மார்ட்டனின் நாக்கு தோர்தோன் பக்கம் போயிற்று. ஃபெம்கே காலை மிதித்தாள்.

“நார்மண்டி” என்றான்.

“நிச்சயமாவா?”

“பதிவே பண்ணியாச்சு.”

யாப் தலையை ஆட்டினான். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கேக்குக் கையோடே ஏதோ குறித்துக்கொண்டான்.

ஜூலை வந்தது. நார்மண்டி பார்க்கில் போய் இறங்கியதும் மார்ட்டன் செய்த முதல் வேலை, மூன்று சுற்று நடந்து தங்கள் நாட்டு மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய கார்கள் அத்தனையையும் பார்த்ததுதான். யாப்பின் கார் இல்லை. கேரவனைப் பின்னால் தள்ளும்போது இரண்டு முறை வேலிச்செடியில் இடித்தான். மூன்றாவது முறை கோணலாக நிறுத்தினான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

மறுநாளும் யாப் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் தன்னந்தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்த மார்ட்டனுக்கு, ஜெயித்தால் மட்டும் போதாது, தோற்றவனுக்கும் அது தெரிய வேண்டும் என்று தோன்றியது. மனைவியையும் மகளையும் எழுப்பி உட்கார வைத்து, அவர்கள் காதிலும் விழட்டும் என்று கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு, சகலையை அழைத்தான்.

“எங்க இருக்கே, சகலை?”

“தோர்தோன்லதான். அருமையா இருக்கு” என்றது யாப்பின் குரல்.

மார்ட்டன் மகளைப் பார்த்துக் கண்ணடித்தான். குரலில் தேன் ஒழுகக் கேட்டான்:

“ஏம்ப்பா, இந்த வருஷம் நார்மண்டி பக்கம் வரலையா?”

கேட்ட கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்லித்தான் யாப்புக்குப் பழக்கம்.

“நீதான் அங்க போறேன்னு சொல்லிட்டியே. அதுக்குத்தானே வருஷா வருஷம் கேக்கறேன்.”