பாதியில் நின்ற பதிவு

"பார்த்து வாங்க மேடம், படி வழுக்கும்" என்று மேலாளரே முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். வந்தவள் 'பார்வையாளர்' என்று அச்சடித்த ஒட்டுச்சீட்டைத் தோளில் ஒட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். சீட்டைக் கொடுத்த வரவேற்பறைப் பெண் ஏனோ அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அது ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையம். முந்தைய நாள் மாலை நாலு நாற்பதுக்கு சர்வரின் வட்டு உயிரை விட்டது. கூடவே மூவாயிரம் பேருடைய பரிசோதனை முடிவுகளும் போய்ச் சேர்ந்தன.

ரிப்போர்ட் வாங்க வந்தவர்களால் கூடம் நிரம்பி வழிந்தது. மனைவியை ஆபரேஷனுக்குச் சேர்த்துவிட்டு ஓடி வந்த ஒருவர் கவுன்ட்டரை விட்டு நகரவே இல்லை.

நிலையத்தின் உரிமையாளர் அம்மா காலையிலேயே போனில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் எல்லா முடிவுகளும் வந்தாக வேண்டும். வராவிட்டால் மேலாளர் நாளையிலிருந்து வர வேண்டாம்.

மேலாளர் சிக்கனத்துக்குப் பேர் போனவர். அதிலும் பேக்கப் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. இருக்கிறதையே எதற்கு இன்னொரு தடவை எடுத்து வைக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார், மற்றவர்களும் பிழைப்பைக் கருதிச் சிரிப்பார்கள். இந்த வாரம் முழுக்கவே தண்டச் செலவு என்று தோன்றியதையெல்லாம் கணினியில் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் களையெடுத்துக்கொண்டிருந்தார். இன்று அதே பேக்கப்புக்காக அவர் வேண்டாத தெய்வம் இல்லை.

நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு நகல் எதிர்க் கட்டடத்து இரும்பு அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்த மாற்றங்களை ஒன்று விடாமல் வரிசையாகக் குறித்துக்கொண்டே போகும் லாக், வேறொரு வட்டில் இருந்ததால் பிழைத்தது. அவள் முதலில் நகலை ஏற்றினாள், பிறகு லாக்கை ஓட விட்டாள். திங்கள், செவ்வாய், புதன் என்று நடந்ததெல்லாம் நடந்த வரிசையிலேயே மறுபடி நடந்தேறியது.

மேலாளர் அவள் பின்னால் நின்று, ஒன்றும் புரியாமலேயே தலையாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கென்று இரண்டு தடவை காபி வரவழைத்தார். பதற்றத்தில் இரண்டையும் தானே குடித்தார்.

பதினொன்றே முக்காலுக்கு அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நாலு நாப்பது வரைக்கும் வந்தாச்சு சார். ரிப்போர்ட் ஒண்ணுகூட விட்டுப்போகலை. ஆனா வட்டு போன நேரத்துல ஒரு பதிவு பாதியில நின்னிருக்கு. அஞ்சு இடத்துல மாறணும், ரெண்டு இடத்துலதான் மாறியிருக்கு."

அதுவும் ரிப்போர்ட்டா என்று மேலாளர் அவசரமாகக் கேட்டார்.

"இல்லை சார், நிர்வாகப் பிரிவுல இருந்து போட்டது. முழுசா முடிஞ்சது நிக்கும். முடியாததை, நடக்கவே இல்லைன்னு எடுத்துடணும். அதுதான் முறை. எதுக்கும் என்னன்னு ஒரு தடவை பார்த்துக்கறீங்களா?"

வெளியே கூடத்தில் யாரோ மேஜையைத் தட்டினார்கள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை மேடம். அரைகுறையா எதுவும் இருக்கக் கூடாது, எடுத்துடுங்க."

அவள் எடுத்துவிட்டாள். அடுத்த நிமிடம் பிரின்டர்கள் எல்லாம் ஒன்றாக இரைந்தன. கவுன்ட்டரில் நின்றவர் தன் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

உரிமையாளர் அம்மா எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பவர். மேலாளர் சொல்லச் சொல்ல வரவேற்பறைப் பெண் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். இப்போது கணினியில் இருப்பதே நிலையத்தின் முழுமையான, சரியான பதிவு என்றும், அதற்கு மாறாக வேறு எங்கே எது இருந்தாலும் செல்லாது என்றும் அதில் இருந்தது. இதற்கு நானே முழுப் பொறுப்பு என்ற வரியை அவராகவே சேர்த்தார், படிக்கக் கம்பீரமாக இருந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அனுப்பினார். அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் என்று ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழைய குரலும் கூடவே வந்துவிட்டது. கார் கீழே நிற்கிறது, கிளம்பலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. புது வட்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து பிரித்து, அன்றைய நகலை எடுக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்.

"நீங்க எடுக்கச் சொன்ன அந்த அரைகுறைப் பதிவு, நேத்து என்னை வேலையை விட்டு நீக்கினதுதான் சார்."