முப்பது சதவீதம் வரை

ஜெபராஜின் பிறந்தநாளுக்கு, கணினியில் போடப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தருவதாக மனைவி எஸ்தர் சொன்னபோது அவன் மறுத்துவிட்டான். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகப் போட்டால் பழைய கார்டே முப்பது சதவீதம் வேகமாகிவிடும் என்றான்.

“முப்பது ‘வரை’ன்னுதானே கம்பெனிக்காரன் போட்டிருக்கான்? ஒரு சதவீதமும் அதுக்குள்ளதாங்க வரும்,” என்றாள் எஸ்தர்.

டிரைவரைப் போட்டுவிட்டு விளையாட்டைத் திறந்தான். நொடிக்கு நாற்பத்தொரு ஃபிரேம் ஓடிய இடத்தில் நாற்பத்திரண்டு ஓடியது.

“ஒண்ணு கூடியிருக்கு. ஊரைக் கூட்டிச் சொல்லுங்க,” என்றாள் எஸ்தர். அவள் சிரிக்கக்கூட இல்லை.

முகம் சிவந்த ஜெபராஜ், தன் விளையாட்டுக் குழுவில் எழுதினான்: ‘பறக்குது. எல்லாரும் போடுங்க.’

உடனே ஒருவன் கேட்டான்: ‘நாளைக்குப் போட்டி இருக்கு அண்ணா. என்னோடதும் பழைய கார்டுதான். இதை நம்பி இறங்கலாமா?’

எஸ்தர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது தெரிந்தும் ஜெபராஜ் தட்டினான்: ‘கண்ணை மூடிக்கிட்டு இறங்கு.’