மேகத்து மாப்பிள்ளை

கொதிக்கிற கேத்தலின் மூடி ஏன் துள்ளுகிறது என்று எஞ்சின்காரர் அழகுமுத்து தகர டின்னைத் தட்டிப் பாடி முடித்தபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கீழ்நாட்டுக் காய்ச்சல் ஓய்ந்த வருஷத்துப் பொங்கல் அது. டயகமத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அழகுமுத்துக்கு இதே வேலை. ஃபாக்டரியில் வெள்ளைக்கார எஞ்சினியர் சொல்லும் சங்கதிகளையெல்லாம் பிடித்துவந்து நலுங்குப் பாட்டு மெட்டில் மாட்டிவிடுவார். ஆவி மருமகளாகிவிடும், அமுக்கி வைக்கிற மூடி மாமியாராகிவிடும்.

நாகலெட்சுமி மட்டும் கோயில் சுவரோரம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமான மூன்றாம் மாசமே அவள் புருஷன் இராமையா இடி விழுந்து செத்துப்போனான். இவள் காலெடுத்து வைத்த ராசிதான் வானத்து நெருப்பை இறக்கியது என்று லயத்து வீடுகளெல்லாம் பேசின. மாமியார் காளியாயி வாய் ஓயாமல் சொன்னாள். கேட்டுக் கேட்டு நாகலெட்சுமியும் அதை நம்பிவிட்டாள்.

டின் மறுபடியும் அதிர்ந்தது.

மேகத்து மாப்பிள்ளைக்கு அவசரமாம் – கீழே
மண்ணுப் பொண்ணத் தொட்டுக்க அவசரமாம்
ஒசந்த மரம் கண்டா ஏணியாம் – அடியில
ஒதுங்குனவன் பேரெல்லாம் கேக்க மாட்டாராம்!

களம் கொல்லென்று சிரித்தது. நாகலெட்சுமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

எவ்வளவு பெரிய வானம்! அதில் பிறக்கிற நெருப்புக்கும் ஒரு வழி இருக்கிறதாம். உயரத்தில் நிற்பதைத் தேடித்தான் இறங்குமாம். கீழே நிற்பவன் பெண்டாட்டிக்கு என்ன ராசி என்று விசாரிக்க அதற்குத் தெரியாதாம்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். புருஷன் போன நாளிலிருந்து பயந்து பயந்து பார்த்த வானம், அன்றைக்குத்தான் அவளுக்கு அழகாகத் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அப்போதுதான் காளியாயியின் முகம் கண்ணில் பட்டது. பேயறைந்த முகம்.

"அன்னைக்கு எம்புள்ளகிட்ட நனையாதடா, சவுக்கு மரத்தடில ஒதுங்குடான்னு நாந்தானே கத்துனேன்?"

காளியாயி யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் டின் நின்றுவிட்டது, சிரிப்பும் நின்றுவிட்டது.

இத்தனை நாள் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நாகலெட்சுமி எழுந்தாள். நேராகப் போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு மரத்தடிக்குப் போயே சேரலீங்க அத்தே. பாதையிலதானே கெடந்தாரு?"

ஆமாம் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அன்றைக்கு ஓடிவந்தவர்கள் எல்லோரும் அவனைப் பாதையில்தான் பார்த்திருந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்னாலேயே, கொட்டுகிற மழையில் தனியாக ஓடி, மரத்தடியிலிருந்து அவனைப் பாதைவரைக்கும் இழுத்து வந்தவள் நாகலெட்சுமி.