வானொலி கேட்ட வசனம்

"என்ரை மனுசனும்..." என்று தொடங்கிய அருமைநாயகி, மைக்குக்கு முன்னால் மறுபடியும் வாயடைத்துப்போனாள்.

"அழாதேங்கோ மாமி. தண்ணியைக் குடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லுங்கோ," என்று பக்கத்தில் இருந்த மருமகள் ஜெயனி போத்தலை நீட்டினாள். மாமி அழவில்லை. தண்ணீரையும் தொடவில்லை. மருமகளின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கஜானன் மணிக்கூட்டைப் பார்த்தான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அந்த வானொலி, மாதம் ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி கேட்டுப் பேச இடம் கொடுக்கும். அது சும்மா கிடைத்துவிடாது. சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், கணக்கறிக்கை காட்ட வேண்டும், சேருகிற காசு எதற்கு என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தின் உதவி பெறும் ஒருவர் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்ல வேண்டும். நிருவாகத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது.

கொழும்புத்துறைக் கடற்றொழில் குடும்பங்களின் சங்கத்துக்கு ஜெயனிதான் செயலாளர். வாடைக் காற்றுத் தொடங்க முன்னம், கரையில் உள்ள படகுக்காரர் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கட் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்காக அவள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. சங்கத்து விதவைகளில் பேசச் சம்மதித்தது மாமி மட்டும்தான். இன்று பின்னேரத்துக்குள் குரலைப் பதிந்து கொடுக்காவிட்டால் இடம் வேறு அமைப்புக்குப் போய்விடும். காற்று யாருக்காகக் காத்திருக்கப்போகிறது?

போன வாடையில் மாமா பேதுருவும் ஜெயனியின் கணவன் எமில்ராஜும் ஒரே படகில்தான் போனார்கள். மாமாவின் உடல் கரையொதுங்கியது. எமில்ராஜைத் தேடிப் போன படகுகள் எல்லாம் வெறுமனே திரும்பி வந்தன.

அன்றிலிருந்து மாமியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறவள் ஜெயனி. பெற்ற வயிறு, பாவம், தாங்காது என்று எமில்ராஜின் சேட்டுகளை இன்னும் தோய்த்து மடித்து வைக்கிறாள். வெளி லைட்டை விடியும்வரை அணைப்பதில்லை. எமில்ராஜின் ஆன்மாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்போமா என்று பங்குச் சுவாமி கேட்டபோதும், "மாமிக்கு இப்ப உது வேண்டாம் ஃபாதர்," என்று மறித்துவிட்டாள்.

மாமி பேசுவதற்கு எழுதிக் கொடுத்ததிலும் அப்படித்தான். 'மனுசன் செத்துப்போனார், மகன் இன்னும் வரேல்லை' என்றுதான் எழுதியிருந்தாள். கஜானன் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"வரேல்லை எண்டால் கேக்கிற சனத்துக்கு என்னெண்டக்கா விளங்கும்? பெடியன் வெளிநாட்டுக்குப் போட்டான் எண்டு நினைக்குங்கள். ரெண்டு பேரும் செத்துப்போச்சினம் எண்டு அம்மா நேராச் சொல்லோணும்."

"அதுக்கென்ன, சொல்லுவா. ஒரு வசனம்தானே," என்று ஜெயனி சட்டென்று சம்மதித்துவிட்டாள்.

அந்த ஒரு வசனம்தான் காலையிலிருந்து வரமாட்டேன் என்கிறது.

"மாமி, இஞ்சை பாருங்கோ," ஜெயனி அவளுடைய கையைப் பிடித்தாள். "எங்கடை கரைப் பெடியளுக்காகத்தானே கேக்கிறம். கஷ்டம்தான், எனக்கு விளங்காதே? ஆனா எவ்வளவு நாளைக்கு மனசை ஏமாத்திக்கொண்டு இருக்கிறது?"

மாமி அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"நீ ஒருக்கா வெளியிலை போய் இரு பிள்ளை."

"தனிய விட்டுட்டோ? நீங்கள் தாங்கமாட்டியள் மாமி."

"போ பிள்ளை."

ஜெயனி மனமில்லாமல் எழுந்து போய் நடைவழியில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தாள். தலைக்குமேல் சுவரில் ஒரு ஸ்பீக்கர். உள்ளே பேசுவது அதில் நன்றாகக் கேட்டது.

"என்ரை பேர் அருமைநாயகி. போன வாடைக்கு என்ரை மனுசன் பேதுருவும் என்ரை மகன் எமில்ராஜும் கடலிலை செத்துப்போச்சினம்."

குரல் தடுமாறவில்லை, எந்த இடத்திலும் நிற்கவில்லை. "ஆளுக்கொரு லைஃப் ஜாக்கட் இருந்திருந்தால் ரெண்டு பேரும் வீட்டை வந்திருப்பினம். மற்றத் தாய்மாருக்கு இந்தக் கெதி வரக்கூடாது. உங்களாலை ஏலுமானதைத் தாங்கோ," என்று மாமி சொல்லி முடித்தாள்.

காலையிலிருந்து சொல்லுங்கோ சொல்லுங்கோ என்று கெஞ்சிய ஜெயனிக்கு, இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு போய், அதை அழியுங்கோ என்று கத்தவேண்டும் போல இருந்தது. "ஆர் சொன்னது?" என்று அவள் வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. எழும்பப் பார்த்தாள். பிறகு பலகையை இறுகப் பிடித்தபடி அங்கேயே இருந்துவிட்டாள்.

கஜானன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். "திறமா வந்திட்டுதக்கா. வாற ஞாயிற்றுக்கிழமை போகும்," என்றவன், அவள் முகத்தைக் கண்டதும் விலகி நின்றான்.

அவனுக்குப் பின்னால் மாமி வந்தாள்.

"சொல்ல ஏலுமெண்டால், இவ்வளவு நேரமும் ஏன் மாமி சொல்லாமல் இருந்தனீங்கள்?" ஜெயனி இருந்தபடியே கேட்டாள்.

மாமி கிட்ட வந்து, மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"உனக்கு முன்னாலை எப்பிடியடி பிள்ளை சொல்லுறது? நீ இன்னும் அவன் வருவான் எண்டெல்லோ இருக்கிறாய்."