ஒழுகாத பதினேழு குழாய்

"எவிடே மோளே ஒழுகுது? ஒரே ஒரு சொட்டு காட்டு, பார்க்கலாம்!"

சுனிதா டீச்சர் தெருக்குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். கை காய்ந்தே இருந்தது. ஏழாம் வகுப்பு அம்பிளி நோட்டைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மறுபடியும் நோட்டைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஒழுகிச்சு டீச்சரே, சத்தியமா! பத்து நிமிஷத்துல ஒரு மக் நெறஞ்சுது."

மட்டாஞ்சேரியில் தண்ணீர் எங்கெங்கே வீணாகிறது என்று பிள்ளைகளே தேடிப் பிடித்து, அளந்து எழுத வேண்டும். அதுதான் டீச்சர் கொடுத்த புராஜெக்ட். மற்றவர்கள் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ள, அம்பிளி மட்டும் பதினேழு குழாய் எழுதியிருந்தாள். ஜில்லா கண்காட்சிக்கு இவள்தான் என்று டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் பெருமையடித்தும் விட்டார். அனுப்பும் முன் ஒரு தடவை சரிபார்ப்போமே என்று சனிக்கிழமை கிளம்பியதுதான் வம்பாகப் போயிற்று. இது ஒன்பதாவது குழாய். ஒன்றுகூட ஒழுகவில்லை.

"மறக்காம இருக்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துச் சுவத்துல நீல சாக்பீஸால பெருக்கல் குறி போட்டேன் டீச்சரே."

"அது எங்கே?"

"அதையும் காணோம்."

"நல்லாயிருக்கு! ஒழுக்கும் காணோம், குறியும் காணோம்." டீச்சருக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. "வீட்டுல உக்காந்து எழுதினியா? உள்ளதைச் சொல்லு. இல்லைன்னா உன் பேரை வெட்டிடுவேன்."

அம்பிளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் கள்ளம் பறையல டீச்சரே."

"வா, உங்க வீட்டுலயே கேட்கிறேன்."

விஷயத்தைக் கேட்டதும், சாயா போட்டுக்கொண்டிருந்த அம்மா முனியாயிக்குச் சுருக்கென்று வந்தது.

"அன்னிக்குப் பூரா வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போய் வந்தா டீச்சரே. பிரைஸ் வாங்கிட்டுத்தான் காட்டுவேன்னு அப்பன்கிட்டகூட மூச்சு விடல. எம்மவ கள்ளம் எழுத மாட்டா!"

வாசலில் சைக்கிள் வந்து நின்றது. அம்பிளியின் அப்பா ராக்கப்பன் கையில் ஸ்பேனரோடு உள்ளே வந்தார். டீச்சரைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு சாயா குடு முனியாயி. ஆறு நாளா இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"அவ்வளவு வேலையா?" என்றார் டீச்சர், ஒரு மரியாதைக்கு.

"தெருக்குழாய் ரிப்பேரு டீச்சரே. எங்க ஓவர்சியர் எந்தக் குழாய் பக்கத்துல பெருக்கல் குறி போட்டாலும், வாஷரை மாத்திட்டு குறியை அழிச்சிடணும். மனுஷன் லீவுல போற போக்குல பதினேழு போட்டுட்டுப் போயிருக்காரு! வெள்ளை சாக்பீஸ் தீந்துபோச்சு போல, எல்லாம் நீலம்." ராக்கப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆனா, இப்போ போய்ப் பாருங்க. ஒரு சொட்டு ஒழுகாது!"

டீச்சர் அம்பிளியை இழுத்து அணைத்துக்கொண்டார். பெருமையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு வேலை வச்ச ஓவர்சியர் லீவுல போகல, ராக்கப்பன் சேட்டா," என்றார். "இதோ, இங்கேதான் நிக்கிறா!"